பாலத்துக்கு இரு கரை உண்டு!

தோழனே!

திரை விலகுகிறது. ரோம் நகரத்துப் பல்கலைக் கழக அலுவலகம். மேசைக்கு அப்புறம் அதிகாரம் அமர்ந்திருக்கிறது. இப்புறம் ஓர் இளமங்கை நிற்கிறாள். அவள் கையிலே ஒரு சான்றிதழ். கடல் கடந்து சென்று, அமெரிக்க நாட்டுக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஒப்பியல் சட்டம் பயின்று, முதுகலைப் பட்டமும் பெற்றுத் திரும்பியிருக்கிறாள். அங்கே எழுதிய தேர்வுகளை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும் என்று கேட்கிறாள். இயலாது என்கிறது மேசை. ஓராண்டு உழைப்பு ஒரே சொல்லில் ஒன்றுமில்லாமல் போகிறது. ஏளனம் மட்டுமே எஞ்சுகிறது.

நாடகம் எழுதுபவன் அல்லவா, கற்பனைக் காட்சியைக் காட்டி மயக்குகிறான் என்று எண்ணிவிடாதே! இது 1958-இல் நடந்தது. அந்த மங்கையின் பெயர் சோபியா கொராதி. அவமானத்தை அவர் அழுது கழிக்கவில்லை, ஆயுதமாக்கிக் கொண்டார். ஒரு நாட்டு மாணவன் மறு நாட்டிலே படிக்கவேண்டும், படித்த படிப்பு தாய்நாட்டிலே செல்லவேண்டும் என்று 1969 முதல் அறிக்கை தீட்டினார், அமைச்சர்களைத் தேடி நடந்தார், பல்கலைக் கழகத் தலைவர்களிடம் வாதாடினார். 1987-இல் பிறந்தது ‘எராஸ்மஸ்’ என்னும் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம். முதல் ஆண்டில் பதினொரு நாடுகள், 3,244 மாணவர்கள். பின்னர் இலட்சம் இலட்சமாக மாணவர்கள் அந்தப் பாலத்தின் மீது நடந்தார்கள். அதற்கு முதற்கல் நாட்டிய மூதாட்டி, 2025-இல் தமது 91-ஆம் அகவையில் மறைந்தார்.

மறுக்கப்பட்ட ஒரு தாளிலிருந்து ஒரு கண்டத்துக்கே கதவு திறந்த கதை இது. இந்தக் கதவை அண்மைக் காலத்தில் ஒரு வல்லரசு அடைத்ததையும், அடைத்த கதவுக்கு எதிரே ஒரு சின்னஞ்சிறு நாடு தனக்கென வாயில் அமைத்துக் கொண்டதையும் இன்று உனக்குச் சொல்ல விழைகிறேன். எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக் கொள்வது மோட்டார் பந்தயப் பொறியியல் பயிலும் மாணவர்களை!

முகம் சுளிக்காதே, தோழா! “பந்தயக் கார் சீமான் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு, வறியவர் ஏட்டிலே அதற்கென்ன இடம்?” என்று நீ கேட்பாய். சீமானுடைய கோட்டைக்குள்ளே ஏழை வீட்டுப் பிள்ளை நுழைய வழி உண்டா என்று பார்ப்பதுதானே நம் வேலை! அதனாலேயே இந்தத் துறையை எடுத்தேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே சில்வர்ஸ்டோன் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே குண்டுவீச்சு வானூர்திகளுக்கான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்தது, 1948-இல் அந்த ஓடுதளத்திலே கார்கள் ஓடின, 1950-இல் பார்முலா ஒன் உலகப் போட்டியின் முதற் பந்தயமே அங்கேதான் நடந்தது. பந்தயத் தளத்தைச் சூழ்ந்து பட்டறைகள் எழுந்தன. பிராக்லி, மில்ட்டன் கீன்ஸ், குரோவ், என்ஸ்டோன் என்று ஊருக்கு ஓர் அணி உருவாயிற்று. அவற்றுக்கு அறிவூட்டக் கல்விக் கூடங்கள் வளர்ந்தன. ஆக்ஸ்போர்டு புரூக்ஸ், கிரான்பீல்டு, கவென்ட்ரி ஆகிய பல்கலைக் கழகங்கள் பந்தயக் காரைப் படிப்பாகவே வைத்தன.

நம் பக்கம் திரும்பிப் பார். சென்னைக்கு அருகே சோழவரத்திலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கேயும் கார்கள் ஓடின. ஆயிரமாயிரம் பேர் கூடிக் கண்டு களித்தனர். தளம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வேகம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அங்கே தளத்தைச் சுற்றிப் பட்டறையும் பள்ளியும் வளர்ந்தன. இங்கே பந்தயம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. வேடிக்கை பார்ப்பவன் வீடு திரும்புவான். வித்தை கற்பவன் ஊரையே உயர்த்துவான்!

அந்த வித்தையை மாணவர் கற்கும் முறையைக் கேள். 1981-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக் கழகத்திலே மாணவர்களுக்கென ஒரு போட்டி தொடங்கியது. மாணவர்களே கூடி ஒற்றையாள் அமரும் சிறு பந்தயக் காரை வரையவேண்டும், அவர்களே கட்டவேண்டும், அவர்களே ஓட்டவேண்டும். 1998-இல் அது கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து ‘பார்முலா ஸ்டூடன்ட்’ ஆயிற்று. 2006-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தளத்தில் வேரூன்றியது. 

ஆயிரம் மதிப்பெண் கொண்ட தேர்வு அது. வேகத்துக்கு மட்டுமே வெகுமதி என்று எண்ணாதே! வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தை எடுத்துரைப்பதற்கு 75. நடுவர்கள் காரைச் சுற்றி நின்று கேள்வி தொடுப்பார்கள். இந்தக் குழாய் ஏன் இவ்வளவு பருமன்? இந்த உலோகத்தை ஏன் தேர்ந்தாய்? எடை குறைத்தாயே, வலிமை குறைந்ததா? ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை சொல்லாதவன் கார் எத்தனை பளபளத்தாலும் மதிப்பெண் பெறமாட்டான். ஏன் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்த இயக்கத்திலே வளர்ந்த உனக்கு, அந்தத் தேர்வின் அருமையை நான் விளக்கவேண்டுமா?

இப்படிப்பட்ட படிப்புக்கு நாட்டு எல்லை பொருந்தாது. இத்தாலியின் வாரனோ என்னும் சிற்றூரிலே தல்லாரா தொழிற்சாலை இருக்கிறது. பந்தயக் காரின் உடற்கூட்டைக் கட்டுவதில் உலகப் புகழ் பெற்றது. அந்த வட்டாரத்துப் பல்கலைக் கழகங்கள் 2017-இல் ஒன்றுகூடி, பெராரி, லம்போர்கினி, துகாத்தி, தல்லாரா முதலிய ஆலைகளையும் சேர்த்துக் கொண்டு ஒரு கூட்டுக் கல்வி அமைப்பை நிறுவின. ஆங்கிலத்திலேயே கற்பித்துப் பிற நாட்டு மாணவரையும் அழைத்தன. இத்தாலியன் பொறியைப் பற்றிச் சொல்வான். ஆங்கிலேயன் காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்வான். ஜெர்மானியன் மின்விசையைப் பற்றிச் சொல்வான். ஒருவனிடம் மட்டும் கற்பவன் ஒற்றைச் சக்கரத்தில் உருள்பவன்!

தோழனே, இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துகொள். வெளிநாடு சென்று படிப்பது எல்லாமே பரிமாற்றம் அல்ல. நிலத்தை அடகு வைத்து, வங்கியிலே கடன் வாங்கி, அயல்நாட்டார்க்கு என்று விதிக்கப்படும் உயர்ந்த கட்டணத்தைக் கட்டி, ஒருவன் கப்பலேறிய காலமும் உண்டு, வானூர்தி ஏறும் காலமும் இது. அதற்குப் பெயர் கொள்முதல். விற்பவன் இருக்கிறான், வாங்குபவன் இருக்கிறான், கடனடைப்பவன் ஊரிலே இருக்கிறான்!

பரிமாற்றம் என்பது வேறு. எராஸ்மஸ் திட்டத்திலே செல்லும் மாணவன், சென்ற இடத்துப் பல்கலைக் கழகத்துக்குக் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. செலவுக்கு உதவித்தொகை உண்டு. அங்கே பெற்ற மதிப்பெண் இங்கே செல்லும். இவன் அங்கே போவான். அவன் இங்கே வருவான். கொடுப்பதும் உண்டு, கொள்வதும் உண்டு. பொதுப்பணம் போட்ட பாலம் அது. அதனால்தான் கொல்லன் மகனும் அதன்மீது நடக்க முடிகிறது.

அந்த உதவித்தொகை போதுமா? போதாது! சொந்தப் பணம் சற்றேனும் உள்ளவனே எளிதில் புறப்படுகிறான் என்ற குறை ஐரோப்பாவிலேயே நெடுநாளாக ஒலிக்கிறது. குறையை நான் மறைக்கவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான்; கட்டணம் செலுத்தும் கடைசி நாள் என்பது ஒரு மாணவனை என்ன செய்யும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவனல்லன். பாலம் குறுகலாக இருந்தால் அகலப்படுத்தக் கேட்கவேண்டும், இடித்துவிடலாகாது.

இடித்தார்கள், தோழா! 2016-இல் பிரிட்டன் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முடிவு செய்தனர். ஒன்றியத்தை விட்டு விலகினாலும் மாணவர் திட்டத்திலே தொடரலாம். ஒன்றியத்தில் இல்லாத நாடுகளும் அதிலே உண்டு. 2020 ஜனவரியிலே, எராஸ்மசுக்கு ஆபத்து ஏதுமில்லை என்று நாடாளுமன்றத்திலே உறுதி சொன்னார் பிரதமர் போரிஸ் ஜான்சன். அதே ஆண்டு டிசம்பரிலே, திட்டத்திலிருந்து விலகுகிறோம் என்று அறிவித்தவரும் அவரே! ஜனவரிச் சொல் டிசம்பரில் செத்தது.

காரணம் என்ன சொன்னார்கள்? கணக்குப் புத்தகத்தைக் காட்டினார்கள். பிரிட்டனுக்கு வரும் மாணவர் மிகுதி, வெளியே போகும் மாணவர் குறைவு, ஆகவே நட்டம் என்றார்கள். வந்தவன் தின்ற சோற்றை எண்ணினார்கள். அவன் விட்டுச் சென்ற அறிவை எண்ணவில்லை. பட்டறையிலே இரவு விழித்து அவன் பூட்டிய திருகாணியை எண்ணவில்லை. விருந்தாளியை நட்டக்கணக்கில் எழுதுகிற வீடு, விரைவில் வெறிச்சோடிப் போகும் என்று நம் பாட்டிமார்க்குத் தெரியும், பாராளுமன்றத்துக்குத் தெரியவில்லை!

எராஸ்மசுக்கு மாற்றாக 2021-இல் ‘டூரிங் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கணிப்பொறியியலின் தந்தையருள் ஒருவரான ஆலன் டூரிங்கின் பெயர் சூட்டினார்கள். நேர்மையாகச் சொல்கிறேன்: அதிலும் நல்லவை உண்டு. ஐரோப்பா மட்டுமன்றி உலகின் எந்த நாட்டுக்கும் மாணவர் செல்லலாம். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி உண்டு. ஆனால், அந்தப் பணம் வெளியே போகிற பிரிட்டன் மாணவருக்கு மட்டுமே. உள்ளே வருகிற மாணவருக்குக் காசில்லை. பாலம் என்று பெயர். ஆனால் ஒரே கரை!

இதே காலத்தில் வேறொரு நாடு செய்ததையும் பார். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. குடிவரவைக் கட்டுப்படுத்த அந்நாட்டு மக்கள் 2014-இல் வாக்களித்ததை ஒட்டி, எராஸ்மஸ் கதவு அவர்களுக்கு அடைபட்டது. சுவிஸ் அரசு தானே ஒரு திட்டத்தை வகுத்தது. தன் மாணவரை அனுப்பவும் பணம் தந்தது. பிற நாட்டு மாணவர் தன்னிடம் வருவதற்கும் பணம் தந்தது. 2023-இல் அந்நாட்டின் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழக மாணவரும் லூசர்ன் நகர மாணவரும் சேர்ந்து கட்டிய சிறு மின்கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 நொடியில் எட்டி உலகச் சாதனை படைத்தது. காரின் எடை ஏறத்தாழ 140 கிலோதான்; அந்த வேகத்தை எட்ட அதற்கு வேண்டியிருந்த தூரம் 12.3 மீட்டர்தான்! பரிமாற்றத் திட்டம்தான் அந்தச் சாதனையை ஈன்றது என்று நான் முடிச்சுப் போடமாட்டேன். விருந்தாளிக்குச் சோறிட்டதால் அந்த வீடு ஏழையாகிவிடவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இனி, நீ நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டிய கதைக்கு வருகிறேன். பிரிட்டனுக்கு உள்ளேயே வேல்ஸ் என்று ஒரு நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 31 இலட்சம். அவர்களுக்கென்று தொன்மையான தாய்மொழி உண்டு. அதைப் பள்ளியிலே பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட வரலாறும் உண்டு. இன்று அவர்களுக்கென்று சட்டமன்றம் உண்டு. கல்வி அந்தச் சட்டமன்றத்தின் கையிலே உண்டு. இலண்டன் கதவடைத்தபோது வேல்ஸ் அரசு கை பிசைந்து நிற்கவில்லை. 2022-இல் தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தன் தாய்மொழியிலேயே ‘தைத்’ என்று பெயரிட்டது. பயணம் என்பது அதன் பொருள். நான்காண்டுக்கு 6 கோடியே 50 இலட்சம் பவுன் ஒதுக்கியது. போகிறவர்க்கும் பணம், வருகிறவர்க்கும் பணம் என்றது! அந்த வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரிலே மோட்டார் பந்தயப் பொறியியலும் கற்பிக்கப்படுகிறது. இலண்டன் ஒரு கரையை இடித்தது. வேல்ஸ் தன் பங்குக் கரையைத் தானே கட்டிக்கொண்டது.

எப்படி முடிந்தது? கல்வி அவர்கள் கையில் இருந்ததால் முடிந்தது! இங்கே என்ன நிலை? மாநிலப் பட்டியலிலே இருந்த கல்வி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 இலட்சம் மக்கள் வாழும் தமிழ்நாடு எங்கே, 31 இலட்சம் வாழும் வேல்ஸ் எங்கே! மாநில சுயாட்சி என்றால் மேடை முழக்கம் என்று நகைப்போர்க்குச் சொல்: சுயாட்சி என்பது, ஓர் ஏழை மாணவனுக்கு நாமே பயணச் சீட்டு வாங்கித் தரும் உரிமை!

பிரிட்டன் கதையின் கடைசிக் காட்சியையும் கேள். 2025 டிசம்பரிலே, 2027 முதல் எராஸ்மசில் மீண்டும் சேர்வதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. இடையிலே எத்தனை தலைமுறை மாணவர்! மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு வந்தவன், கதவு அடைபட்ட காலத்தில் நுழைந்து, அடைபட்ட காலத்திலேயே வெளியேறிவிட்டான். அரசுக்கு அது கொள்கை மாற்றம். அவனுக்கு அது போன இளமை. ஆட்சியாளர் தவறைத் திருத்திக் கொள்ளலாம். மாணவன் ஆண்டைத் திரும்பப் பெறமுடியாது.

“இருக்கட்டும். பசித்த வயிறு நிறைந்த நாட்டிலே பந்தயக் கார் ஏன்?” என்று கேட்கும் தோழர்க்கு விடை தந்துவிட்டு முடிக்கிறேன். 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வட்டத்தகடு பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. பந்தயத்தில் தேறிய அந்த பிரேக் பின்னர் சாலைக் காருக்கு வந்தது; இன்று நம் தெருவிலே ஓடும் மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. 2020-இல் கொரோனா கொடுநோய் மூச்சைத் திணறடித்தபோது, இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரிப் பொறியாளரும் மருத்துவரும், பிரிக்ஸ்வொர்த்திலுள்ள மெர்சிடிஸ் பந்தயப் பொறி ஆலையினரும் கூடினர். நூறு மணி நேரத்துக்குள் மூச்சுதவிக் கருவி ஒன்றை உருவாக்கினர். அதன் வரைபடங்களை விலையின்றிப் பிற நாட்டார்க்கும் வழங்கினர். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே காரைத் திருத்திப் பழகிய கை, உயிருக்கும் சாவுக்கும் இடையே உதவிற்று. விரைந்து சிந்திக்கும் கை எந்த நாட்டுக்கும் செல்வம்!

அந்தக் கை நம்மிடம் இல்லையா? கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், பிரான்சிலும் பிரிட்டனிலும் பயின்று, 2005-இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநரானார். அதே கோவையில், கரி மோட்டார் பந்தயத் தளத்திலே, ‘பார்முலா பாரத்’ என்னும் மாணவர் போட்டி 2017 முதல் நடந்து வருகிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர் தாம் கட்டிய காரோடு அங்கே வருகின்றனர். திருப்பெரும்புதூர் வட்டாரத்திலே கார்கள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. 1959-இல் சென்னையில் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமே மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. அங்கிருந்து பேராசிரியர்கள் இங்கே வந்தார்கள், இங்கிருந்து அங்கே சென்று பயின்றார்கள். பரிமாற்றம் நமக்குப் புதிதல்ல, தோழா! பரவலாக்கத் தவறியதுதான் பிழை.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. அரசுப் பொறியியற் கல்லூரிகளில் பயிலும், குடும்பத்தின் முதல் பட்டதாரிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஓர் அரையாண்டேனும் அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தில் பயிலப் பொதுப்பணம் வேண்டும், கடன் வேண்டாம். அங்கே பெற்ற மதிப்பெண்ணை இங்கே குறைக்காமல் ஏற்கும் உடன்பாடு, மாணவன் புறப்படும் முன்பே கையெழுத்தாக வேண்டும். அங்கிருந்து வரும் மாணவனுக்குக் கோவையிலும் சென்னையிலும் தங்க இடமும் பட்டறையில் பணியிடமும் தரவேண்டும். மூன்றாவதை மறவாதே! நாம் வாங்க மட்டும் கை நீட்டுபவரல்லர். வழங்கவும் நம்மிடம் உண்டு. சிறு பட்டறையிலே, குறைந்த செலவிலே, உடைந்ததைப் பொருத்தி ஓடவைக்கும் கோவைத் தொழிலாளியின் திறனை வெளிநாட்டு மாணவன் வந்து கற்கட்டும்!

நாளை உன் கிளைக் கழகக் கூட்டத்திலே இதைப் பேசு. ஊரிலே பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், எராஸ்மஸ் முண்டஸ் என்னும் கூட்டு முதுகலைப் படிப்புக்கு இந்திய மாணவரும் விண்ணப்பிக்கலாம், தேர்வு பெற்றால் உதவித்தொகையும் உண்டு என்று தேடிச் சென்று சொல். செய்தி தெரியாததாலேயே தோற்றவர் நம்மிலே ஏராளம்.

ரோம் நகரத்து மேசைக்கு மீண்டும் வருகிறேன். அந்த மேசைக்கு இப்புறம் நிற்பவர்களுக்காக வாதாடி வளர்ந்தவர்கள் நாம். மக்கள் ஆணை தந்தால் மேசைக்கு அப்புறம் அமரும் நாளும் நமக்கு வரும். அந்த நாளிலே, கையில் ஒரு சான்றிதழோடு, கண்ணிலே கனவோடு, ஓர் ஏழைப் பெண் வந்து நிற்பாள். அப்போது நம் வாயிலிருந்து ‘இயலாது’ என்ற சொல் வருமானால், நாம் இத்தனை நாள் பேசியதெல்லாம் வெறும் வசனம், தோழா! ‘அமர் அம்மா, உன் தாளைக் கொடு’ என்று சொல்வோமானால், அதுவே நம் வெற்றி.